பழைய மரம் யாருக்கு?

மகனே,

நேற்று பிற்பகல் நம் வீட்டுக் கூரையின் உச்சி மோட்டில் கடைசி ஓடு பதிக்கப்பட்டது. வேலை முடிந்தது என்று சொன்னவன் ஜெபராஜ். முற்றத்தில் நின்று பார்த்து அதை உறுதி செய்தவள் நான். ஏணியில் பாதி ஏறிப் பார்த்து உறுதி செய்தவள் உன் மனைவி. மோட்டிலிருந்து சுவரை நோக்கிச் சரிந்து இறங்கும் கழுக்கோல்களில் மேற்குப் பக்கத்தவை முழுவதும் புதியவை. கிழக்கே இரண்டைத் தவிர மற்றதெல்லாம் பழைய தேக்கு, துடைத்து எண்ணெய் பூசப்பட்டு அப்படியே இருக்கிறது. ஓடு புதிது. கூரை ஒழுகுமா ஒழுகாதா என்பது மட்டும் இன்னும் யாருக்கும் தெரியாது.

இதை உனக்கு மட்டும் எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் நம் மாவட்டத்தில் தெருவுக்குத் தெரு உன்னைப் போல வளைகுடாவில் இருந்துகொண்டு போனிலேயே வீடு கட்டுகிற, கூரை மாற்றுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். எஸ்டிமேட் ஒரு புகைப்படமாக வந்து சேருகிறது. அடியில் இருக்கும் தொகையை மட்டும் விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சரி என்கிறார்கள். அவர்களுக்கும் இது பயன்படட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன். இன்னொரு காரணம் உனக்கே தெரியும். அந்த எஸ்டிமேட்டை முன்னிட்டு நீ உன் மனைவியிடம் ஒரு வார்த்தை சொன்னாய். அன்று முதல் சகாயா உன்னோடு பிள்ளையின் காய்ச்சலையும் பள்ளிக்கூடத்தையும் தவிர வேறெதுவும் பேசுவதில்லை. அவள் பேசாதது உனக்குத் தெரியும். அதற்கிடையில் அவள் என்ன செய்தாள் என்பது உனக்கு முழுதாகத் தெரியாது. செய்தி எழுதிப் பழகிய கை என்பதால், யார் சொன்னது, யார் பார்த்தது என்பதைப் பிரித்தே எழுதுகிறேன். உன் பெயரை எழுதவில்லை. சகாயாவின் பெயரை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். எழுதுங்கள் என்றாள்.

நம் வீட்டில் அடுக்களை மட்டும் கான்கிரீட், மற்றதெல்லாம் ஓடு. போன மழையில் நடுவறையின் மேற்கு மூலையில் ஒழுகத் தொடங்கி, பிறகு படுக்கையறைக்கும் வந்தது. உடைந்த ஓடுகளை மாற்றிப் பார்த்தோம், நிற்கவில்லை. அடுத்த மழைக்குள் முழுக் கூரையையும் பிரித்து மாற்றிவிடலாம் என்று நீதான் சொன்னாய். ஜெபராஜிடம் பேசியதும் நீதான். ஞாயிறு பள்ளியில் உனக்கு ஒரு வகுப்பு கீழே படித்தவன், இப்போது கூரை காண்டிராக்டர், நம் சபைக் கமிட்டியிலும் இருக்கிறான். வேறு யாரைத் தேட வேண்டும் என்றுதான் நானும் நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவன் நேராக நம் வீட்டுக்கு வந்தான். மேஜைமேல் போனைச் சாய்த்து வைத்து உன்னையும் அழைத்தோம். ஒரே ஒரு தாள். பழைய கூரையைப் பிரித்து அகற்றி, இரும்புக் குழாயில் சட்டம் அடித்து, முதல் தர ஓடு போட்டு முடித்துத் தருவது, எல்லாம் உட்பட. கீழே தொகை. தொகை நாம் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தது. உனக்கு முகம் மலர்ந்தது போனிலேயே தெரிந்தது. நான் அந்தத் தாளை வேதப்புத்தகத்துக்குள் வைத்தேன். ஜெபராஜ் நன்றாக ஜெபம் செய்வான். தச்சன் மகனாக வளர்ந்த ஆண்டவரே இந்தக் கூரையை ஆசீர்வதியும் என்று உருக்கமாகத்தான் கேட்டான். நான் ஆமென் சொன்னேன். மஸ்கட்டிலிருந்து நீயும் ஆமென் சொன்னாய்.

நம் வீடுகளில் இது வழக்கம். பரீட்சை ஹால் டிக்கெட், பெண் பார்க்கப் போகும் வீட்டு விலாசம், நிலப்பத்திரம், எது வந்தாலும் வேதப்புத்தகத்துக்குள் வைத்து ஜெபித்துவிட்டுத்தான் மறுகாரியம். அதில் பிழை ஒன்றுமில்லை. பிழை அதற்குப் பிறகு வருகிறது. ஆமென் சொன்ன பிறகு கேள்வி கேட்டால் ஜெபத்தையே சந்தேகப்படுவதுபோல நமக்குத் தோன்றிவிடுகிறது. கையெழுத்துப் போட்ட தாளில்கூட நாம் திருத்தம் கேட்போம். ஜெபம் செய்த தாளில் கேட்கமாட்டோம். காண்டிராக்டரும் நம் சபைக்காரன் என்றால் கேட்கவே வேண்டாம், வாய் தானாக மூடிக்கொள்ளும்.

சகாயா கத்தோலிக்கக் கடற்கரை வீட்டுப் பெண். அவளுக்கு இந்த வாய்ப்பூட்டு பழக்கமில்லை. காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அந்தத் தாளை எடுத்து நிதானமாகப் படித்தாள். பிறகு, "தம்பி, பழைய மரம் யாருக்கு?" என்று கேட்டாள்.

ஜெபராஜ் சிரித்தான். அது கழிவுதானே மைனி, நாங்களே அள்ளிக்கொண்டு போய்விடுவோம், உங்களுக்கு ஒரு சிரமமும் இல்லை என்றான். மேலே ஏறிப் பார்த்தீர்களா என்று அடுத்த கேள்வி. முற்றத்தில் நின்றே பார்த்ததாகச் சொன்னான். அவள் மூன்றாவதாக ஏதோ கேட்க வாயெடுத்தபோதுதான் போனிலிருந்து உன் குரல் வந்தது.

"ஏட்டி, ஜெபம் முடிஞ்சாச்சு. இது உங்க கடப்புறத்து ஏலம் இல்ல. நீ உள்ள போ."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. ஜெபராஜ் தரையைப் பார்த்தான். நான் காப்பியை எடுத்துக் குடித்தேன். சகாயா தாளை மேஜைமேல் வைத்தாள், அது பறக்காமலிருக்க ஒரு டம்ளரை அதன்மேல் வைத்தாள், உள்ளே போனாள்.

கடப்புறத்து ஏலம் என்று ஏளனமாகச் சொன்னாயே, அதை நீ ஒருமுறையாவது நின்று பார்த்திருக்கிறாயா என்று எனக்குத் தெரியவில்லை. நான் பார்த்திருக்கிறேன். உன் சம்பந்தம் பேச முட்டத்துக்குப் போன அன்று காலையில் அவளுடைய அப்பா வீட்டில் இல்லை. கரைக்கு வள்ளம் வந்திருக்கிறது, முடித்துவிட்டு வந்துவிடுவார் என்றார்கள். நீ காரிலேயே இருந்தாய், வெயில் என்றாய். நான் மணலில் இறங்கி நடந்தேன். மீன் குவியல் குவியலாகக் கிடந்தது. மேலே பளபளவென்று பெரிய மீன். அவர் அதைத் தொடவே இல்லை. முழங்கைவரை குவியலுக்குள் விட்டு அடியிலிருந்து ஒரு மீனை உருவி, செவுளை விரித்துப் பார்த்தார். பிறகுதான் விலை கேட்டார். விற்றவருக்கு அதில் ஒரு கோபமும் இல்லை. கிளறிப் பார்க்காமல் கேட்டிருந்தால்தான் சிரித்திருப்பார்கள். அங்கே கேள்வி மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. அதுதான் வியாபாரத்தின் முதல் படி. அந்தக் கரையில் வளர்ந்தவள் நம் மேஜைமேல் கிடந்த தாளையும் அடியில் கைவிட்டுத்தான் பார்த்தாள்.

அன்று மாலை அவள் என்னிடம் வந்தாள். அழுதிருந்தாளா என்றால், நான் பார்க்கவில்லை. "மாமி, ஜெபராஜ் தம்பி வேண்டாம்னு நான் சொல்லல. ஏறிப் பாக்காம பிரிக்கண்டாம்னுதான் சொல்லுகேன். ஒரு வாரம் அட்வான்ஸ் அனுப்பாம இருக்கச் சொல்லுங்க" என்றாள். நான் உன்னிடம் சொன்னேன். நீ காரணம் கேட்டாய். என் பேச்சுக்காகப் பொறு என்றேன். அந்த ஒரு வாரத்தில் நடந்தவற்றைத்தான் இனி எழுதுகிறேன்.

முதலில் தங்கப்பன் ஆசாரியை ஒரு காலை நேரத்துக்குக் கூலி பேசி வரவழைத்தாள். வேலை அவருக்குக் கிடைக்காது, பார்த்துச் சொல்வதற்கு மட்டும்தான் கூலி என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். கூரை எஸ்டிமேட் வாங்கும் எல்லோரும் இதைச் செய்யலாம். வேலை எடுக்கப்போகிறவர் பார்ப்பது வேறு, வேலையோடு தொடர்பில்லாதவர் பார்ப்பது வேறு. ஆசாரி நாலைந்து ஓட்டை நகர்த்திவிட்டு உள்ளே இறங்கி, ஒவ்வொரு மரமாகச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். கீழே நின்ற எனக்கே சத்தத்தில் வித்தியாசம் கேட்டது. "மக்களே, மேக்க உள்ளது போச்சு, செல்லு தின்னு வெறும் தோலுதான் நிக்கி. கெழக்க உள்ளது தேக்கு. எனக்குப் பெறவும் நிக்கும், உனக்குப் பெறவும் நிக்கும்" என்று மேலிருந்தே சொன்னார். கரையான் அரித்தது மேற்குப் பக்கம் மட்டும். ஆகவே, முழுக் கூரையையும் இரும்புக்கு மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. ஒழுகியது ஒரு பக்கம், நாம் விலை பேசியது இரண்டு பக்கத்துக்கும்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு எஸ்டிமேட்டும் வாங்கினாள். கோட்டாற்றில் கடை வைத்திருப்பவர், பெயர் வேண்டாம். அது அழகாக அச்சடித்து, பல பக்கங்களில், வண்ணப் படங்களோடு வந்தது. அவரும் மேலே ஏறவில்லை. அதையும் இதையும் பக்கத்தில் வைத்து எது மலிவு என்று நான் பார்த்தேன். சகாயா, இரண்டும் ஒரே வேலைக்கானதே இல்லையே மாமி, எப்படி ஒப்பிடுவது என்றாள். உண்மைதான். ஜெபராஜுடையது தரையின் நீள அகலத்தை வைத்துச் சதுர அடி கணக்கிட்டிருந்தது. இன்னொன்று கூரையின் சரிவையும், சுவரைத் தாண்டி வெளியே நீளும் இறவாரத்தையும் சேர்த்து அளந்திருந்தது. ஒரே வீட்டுக்கு இரண்டு பரப்பு. சரிவு தரையைவிட எப்போதும் பெரிதாகத்தான் இருக்கும். தரைக்கணக்கில் விலை சொல்கிறவர் ஏமாற்றுகிறார் என்று அர்த்தமில்லை, ஆனால் ஓடு இறக்கும்போது கூடுதல் என்று வந்து நிற்பார். எதை அளந்தீர்கள் என்று கேட்காமல் சதுர அடி விலையை மட்டும் கேட்பதில் பயனில்லை.

முதல் தரம் என்ற சொல்லையும் அவள் விடவில்லை. எந்த ஓடு, எந்த மரம், இரும்பென்றால் எவ்வளவு கனம், கரையானுக்கு மருந்து அடிப்பதா இல்லையா, பெயர் சொல்லி எழுதினால்தான் பின்னால் பேச முடியும். எல்லாம் உட்பட என்பதும் அப்படித்தான். உனக்கு நினைவிருக்கும், உன் அப்பா அடுக்களைக்குக் கான்கிரீட் போட்டபோது எல்லாம் சேர்த்துத்தான் பேசினார். வேலை முடிந்து பார்த்தால் மாடிக்குப் படி இல்லை. படி இதில் வராதே என்றார் கொத்தனார். உன் அப்பாவுக்கு அவரோடு சண்டை போட வெட்கம். வருடக்கணக்காகக் கொப்பரை காயப்போட நாம் மூங்கில் ஏணியில்தான் ஏறினோம். அந்தக் கதையைச் சகாயாவிடம் சிரித்துக்கொண்டே நான் சொல்லியிருந்தேன். நான் அதை வேடிக்கையாகச் சொன்னேன், அவள் அதைப் பாடமாக எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

பிறகு ஜெபராஜ் முன்பு கூரை போட்ட வீடு ஒன்றைப் பார்க்க வேண்டும் என்றாள். புது வேலையைப் பார்த்துப் பயனில்லை, இரண்டு மழையாவது கண்ட கூரையாக இருக்க வேண்டும் என்றாள். விசாரித்ததில் சிதறால் பக்கம் ஒரு வீடு தெரிந்தது. வடசேரியில் பஸ் ஏறி, மார்த்தாண்டத்தில் மாறி, இருவரும் போனோம். வழியெல்லாம் அவள் உன்னைப் பற்றி ஒரு குறைகூடச் சொல்லவில்லை. நான் பேச்சைத் தொடங்கினேன். ஜன்னல் பக்கம் திரும்பி, மாமி, வெயில் அடிக்கிறதா, இடம் மாறிக்கொள்ளலாமா என்று கேட்டாள். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

அந்த வீட்டம்மா நல்லவர். எங்களைப் பார்த்ததும் யார் என்ன என்று கேட்பதற்கு முன்பே இளநீர் வெட்டச் சொன்னார். கூரையைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். ஓடு நூல் பிடித்ததுபோல வரிசையாக இருந்தது. மழைநீர் இறங்கும் தகரப் பாத்தியில்கூட ஒரு பொட்டுத் துரு இல்லை. "ஒழுக்கு ஒண்ணும் கிடையாது. வேலை நல்ல வேலை, அதுல குத்தம் சொல்லப்பிடாது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே, "பழைய மரத்த வண்டியில ஏத்தும்போதுதான் பாத்தேன், அயனித் தடி அம்புட்டும். அப்பம் கேக்கியதுக்கு வெக்கமா போச்சு" என்றார். அயனி நல்ல விலைபோகும் மரம். சகாயா தலையாட்டினாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் சொன்னதை அப்படியே தருகிறேன்: "மாமி, கை நல்ல கைதான். எழுத்துதான் கொறை. எழுத்த நாம எழுதிக்கிடலாம், கை நமக்குக் கெடைக்காது. அவரயே வச்சுச் செய்வோம்."

மகனே, இதை நீ இரண்டு முறை படிக்க வேண்டும். உன் நண்பனை விரட்டப் பார்க்கிறாள் என்றுதானே நீ அவளை உள்ளே போகச் சொன்னாய்? நீ அவனை நம்பியது பழக்கத்தினால். நானும் அப்படித்தான். அவள் நம்பியது இரண்டு பஸ் மாறிப் போய்ப் பார்த்துவிட்டு. இந்த வீட்டில் ஜெபராஜின் வேலைக்கு உண்மையான மரியாதை கொடுத்தவள் அவள் ஒருத்திதான்.

ஜெபராஜ் மறுபடி வந்தபோது முகம் சரியாக இல்லை. உட்காரவில்லை. மைனிக்கு என்மேல் நம்பிக்கை இல்லையென்றால் அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போகிறேன் என்றான். நம்பிக்கை இருப்பதால்தான் சிதறால் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன் என்றாள் அவள். அந்த வீட்டுப் பாத்தியைப் பற்றி அவள் சொல்லச் சொல்ல, அவன் மெல்ல நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். தன் வேலையை இவ்வளவு கவனமாக யாரும் பார்த்ததில்லை என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது.

"பழைய மரத்த வச்சுத்தான் மைனி நான் ரேட்டக் கொறச்சுப் போட்டேன். ஒளிச்ச காரியம் இல்ல, எல்லாரும் செய்யியதுதான்" என்றான்.

"ஒளிச்சியன்னு நான் சொல்லலயே தம்பி. எழுதலன்னுதான சொல்லுகேன்."

ஒரு கூரை எஸ்டிமேட்டைப் பற்றி நான் கேட்ட பேச்சிலேயே நியாயமான பேச்சு அதுதான். குறைந்த விலை எங்கிருந்து வருகிறது என்று அவன் மறைக்காமல் சொன்னான். அதைத் தாளில் கொண்டுவா என்று அவள் கோபமில்லாமல் சொன்னாள். பிறகு இருவரும் உட்கார்ந்து புதிதாக எழுதினார்கள். கிழக்குப் பக்கத்து மரம் நிற்கும். மேற்கே எடுக்கும் மரம் வீட்டுக்காரருக்கு. பிரித்த பிறகு கூடுதலாக மரம் கெட்டிருந்தால், ஒரு கழுக்கோலுக்கு இன்ன விலை என்று முன்கூட்டியே பேசி எழுதியாயிற்று. காட்டிவிட்டுத்தான் மாற்ற வேண்டும். மூடுவதற்குத் தார்ப்பாய், ஓடு இறக்கும் நாளைக்கு முன்பே முற்றத்துக்கு வந்துவிட வேண்டும். பணம் தேதிக்கு இல்லை, வேலை முடியும் கட்டத்துக்கு. கடைசிப் பங்கு முதல் பெருமழைக்குப் பிறகு. அந்தக் கடைசி வரியில் மட்டும் ஜெபராஜ் பேனாவை வைத்துவிட்டான்.

"எனக்க மாமனாருகூட எங்கிட்ட இம்புட்டுக் கேள்வி கேக்கல மைனி" என்றான்.

"அவரு பொண்ணத் தந்தாரு. நான் வீட்டயில்லா தாறேன்" என்றாள் சகாயா.

அவன் வாய்விட்டுச் சிரித்தான். பேனாவை எடுத்து அந்த வரியையும் எழுதினான். பிறகு அவனே, ஜெபம் பண்ணலாமா அம்மா என்று என்னிடம் கேட்டான். சகாயாதான் முதலில் கண்ணை மூடினாள். இந்த முறை ஆமென் சொல்லும்போது எனக்கு எதை ஒப்புக்கொள்கிறேன் என்று தெரிந்திருந்தது.

வேலை தொடங்கியதும் அந்தத் தாளின் ஒவ்வொரு வரிக்கும் தேவை வந்தது. ஓடு இறக்கிய அன்றே சாயங்காலம் கோடைமழை அடித்தது. தார்ப்பாய் முற்றத்தில் இருந்ததால் ஆட்கள் ஓடிப்போய் விரித்தார்கள். கட்டிலும் அலமாரியும் நனையவில்லை. பக்கத்துத் தெருவில் அதே வாரம் கூரை பிரித்தவர்கள் மெத்தையை வெயிலில் காயப்போட்டிருந்ததை நான் பார்த்தேன். கிழக்குப் பக்கத்தில் பலகை மறைத்திருந்த இடத்தில் இரண்டு கழுக்கோல் கெட்டுப்போயிருந்தது. ஆசாரிக்கும் அது தெரிந்திருக்கவில்லை. ஜெபராஜ் வேலையை நிறுத்திவிட்டு, மைனி, ஏறிப் பாருங்கள் என்று கூப்பிட்டான். அவள் பார்த்தாள், சரி என்றாள், மாற்றினார்கள். ஒரு சத்தமான பேச்சு இல்லை. எத்தனை வீடுகளில் இந்த இடத்தில்தான் காண்டிராக்டரும் வீட்டுக்காரரும் முகம் திருப்பிக்கொள்கிறார்கள் என்று யோசித்துப் பார். பிரித்துப் பார்க்கும்வரை தெரியாதது எந்தக் கூரையிலும் கொஞ்சம் இருக்கும். அதை எப்படிக் கணக்கிடுவது என்பதை முன்பே பேசியிருந்தால் அது வெறும் செலவு, பேசாவிட்டால் அது பகை. மேற்கே கழற்றிய மரத்தில் கரையான் தொடாத நீளங்களை அறுத்து, ஓடு உட்காரும் குறுக்குச் சட்டங்களுக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். மிச்சத்தை ஜெபராஜே விலைபேசி எடுத்துக்கொண்டான், அதையும் எழுதி.

எல்லாம் சரியாக நடந்தது என்று எழுதினால் அது செய்தியாகாது. மின்கம்பி பழைய மரத்தோடு ஓடியிருந்தது யாருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. எலக்ட்ரீசியன் கூலி தனியாக வந்தது. சித்திரை வெயிலில் சில நாட்கள் மின்விசிறி இல்லாமல் கிடந்தோம். விசிறிக்கொண்டே, இது நான் விட்டது மாமி, அடுத்தவர்களுக்காக இதையும் எழுதுங்கள் என்றாள். மொத்தச் செலவும் அந்த முதல் தாளில் இருந்ததைவிடச் சற்றுக் கூடுதல்தான். மறைக்கவில்லை. ஆனால் அந்த முதல் தொகைக்கு நாம் பெற்றிருக்கப்போவது வேறு கூரை. தேக்கு வண்டியேறியிருக்கும், சரிவுக்கும் தார்ப்பாய்க்கும் பின்னால் தனிக்கணக்கு வந்திருக்கும். மலிவு என்று நாம் மகிழ்ந்தது பாதி வேலையின் விலையைப் பார்த்து.

இந்தக் கடிதத்தை அனுப்புவதற்கு முன் சகாயாவிடம் படிக்கக் கொடுத்தேன். இரண்டு திருத்தம் சொன்னாள். ஏணியில் முழுதாக ஏறியதாக நான் எழுதியிருந்தேன், பாதிதான் ஏறினேன், பயம் என்றாள். திருத்திவிட்டேன். ஜெபராஜைப் பற்றி ஓரிடத்தில் கடுமையாக எழுதியிருந்த வரியை எடுக்கச் சொன்னாள், எடுத்துவிட்டேன். நீ சொன்ன வார்த்தை இருந்த இடத்தில் அவள் விரல் கொஞ்ச நேரம் நின்றது. எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் மாமி, சொன்னதுதானே என்றாள்.

நான் பலரை எழுதியிருக்கிறேன். பதவியில் இருந்தவர்கள், மேடையில் பேசியவர்கள். தங்களை அவமானப்படுத்திய இடத்தில் நின்றுகொண்டே, அந்த அவமானத்துக்குக் காரணமான காரியத்தை இவ்வளவு நேர்த்தியாக முடித்தவர்கள் என் நினைவில் அதிகம் இல்லை. அவள் உனக்கு எதிராக எதையும் நிரூபிக்கப் பார்க்கவில்லை. உன் பிள்ளை தூங்கும் அறைக்குக் கூரை வேண்டும் என்று மட்டும் பார்த்தாள். உன் நண்பனை உனக்கு நண்பனாகவே மிச்சம் வைத்திருக்கிறாள். உன் மனைவியின் அந்தக் கரையைப் பற்றி இனி நம் வீட்டில் யாராவது வாயெடுத்தால், முதலில் என்னிடம் பேச வேண்டியிருக்கும்.

இனி நிலுவையில் இருப்பவை. ஜெபராஜுக்குக் கொடுக்க வேண்டிய கடைசிப் பங்கு நம்மிடம் இருக்கிறது. இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, வழக்கம்போல வைகாசிப் பாதியில் இறங்கினால், முதல் பெருமழை முடிந்த மறுநாள் அவன் வந்து நடுவறையில் நின்று மேலே பார்ப்பான், நாங்களும் பார்ப்போம், பிறகு கொடுப்போம். மழை எப்போது வரும் என்பதை என்னால் உறுதி செய்ய முடியாது. நீ சகாயாவிடம் சொல்ல வேண்டியதும் நிலுவையில் இருக்கிறது. அதற்கு மழை வரவேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை உனக்கு விடுமுறை. அன்று அவள் எங்கும் போகவில்லை, கேட்டுவிட்டேன். கூப்பிட்டால் எடுப்பாயா என்றும் கேட்டேன்.

"எடுப்பேன் மாமி" என்றாள்.

உன் அம்மா